திறப்பில்லாத திறப்பு விழா

நேற்று குசினிக் குழாய் ஒழுகுகிறதென்று திருத்த ஆள் கூப்பிட்டேன். அவர் குழாய் ஒட்டும் பசை டப்பாவைத் திறந்தார், அந்த வாசனை மூக்கில் ஏறியது, எனக்குக் கோபம் வந்துவிட்டது. முகம் மாறியிருக்க வேண்டும். "நான் இன்னும் கூலியே சொல்லல்லயே ஐயா" என்றார், பாவம்.

அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது? கையெல்லாம் அந்தப் பசை நாற நான் வவுணதீவுப் பக்கம் அலைந்த காலம் ஒன்று உண்டு. குடிநீர், கழிப்பறைத் திட்டமொன்றில் வெளிக்கள உத்தியோகம், என் முதல் வேலை. கழுத்தில் அடையாள அட்டை. குளிக்கும்போதாவது கழற்றுவாயா என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

வந்தது வெளிநாட்டுக் காசு. கட்டுவதற்கு மட்டுமே உள்ள காசு. தாங்கி கட்டலாம், பம்ப் பூட்டலாம், மண்ணுக்குள் குழாய் தாழ்க்கலாம். பம்ப் ஓடக் கரண்ட் வேண்டுமே, பழுதானால் திருத்த வேண்டுமே என்றால், அதைச் 'சமூகம் பொறுப்பேற்கும்'. சமூகம் என்றால் வேறு யார், அடுத்தவன் வயலில் கூலிக்கு இறங்குகிற சனம்தான். அந்த வெளிநாட்டுக் காசையும் வருசம் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். டிசம்பர் வந்தால் எங்கள் பொறியியலாளர் ஆளே மாறிவிடுவார்.

அப்படியொரு டிசம்பரில்தான் பூமணியக்காவுக்குக் கழிப்பறை கிடைத்தது. தனி மனுசி, குறுகலான மண் ஒழுங்கை முடிவில் கையகலக் காணி. உப்புநீர் வாவி பக்கத்தில் இருந்தும் உவர் ஏறாத கிணறு அந்த ஒழுங்கையில் அவவுடையது மட்டும்தான். அயலெல்லாம் அங்கேதான் அள்ளும். நான் போய்த் திண்ணையில் இருந்தால் கேட்க முன்னமே செம்பு நிறையத் தண்ணீர் வரும்.

கிணற்றுக்குக் கிட்ட மலக்குழி வெட்டக்கூடாது. அது சரியான சட்டம்தான். ஆனால் அந்தக் காணியில் தள்ளிப் போக இடமில்லை. பொறியியலாளர் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "குழாய்தானே வருது, கிணத்த மூடுங்க. இல்லாட்டி கக்கூசு வேற ஆளுக்குப் போயிரும்."

பூமணியக்கா என் பக்கம் திரும்பினா. "மெய்தானா தம்பி, குழாய் வருமா?"

"வரும் அக்கா" என்றேன். எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

மலக்குழிக்குத் தோண்டிய மண்ணைப் போட்டே கிணற்றை மூடினா. அதையும் 'மக்கள் பங்களிப்பு' என்று எழுதிக்கொண்டார்கள், வெட்கமில்லாதவர்கள்.

திறப்பு விழா தடபுடல். மாலை, மேளம், பந்தல். பிரமுகர் திருகும்போது தண்ணீர் வரவேண்டுமே என்று காலையிலேயே பவுசர் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து தாங்கியை நிரப்பினார்கள். குழாய் சீறியது, சனம் கைதட்டியது, படம் எடுத்தார்கள். அடுத்த நாள் குழாயில் காற்றுத்தான் வந்தது. பம்ப் அறைக்குப் பூட்டு. கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்தார்கள். திட்டம் பிரதேச சபையைக் காட்டியது. சபையோ, எங்களிடம் ஒப்படைக்கவில்லையே என்றது.

எங்கள் பக்கம் சாவியைத் திறப்பு என்றுதான் சொல்வோம். பூமணியக்கா வெறும் குடத்தோடு அலுவலகத்துக்கே வந்து நின்று கேட்டா: "திறப்பு விழா வச்சீங்க. திறப்ப ஆருக்கிட்ட குடுத்தீங்க?"

பொறியியலாளர் சிரித்தார். நல்ல பகிடியாம். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை.

பிறகு பாசிக்குடா ஹோட்டலொன்றில் 'நிலைபேறான நீர் வழங்கல்' என்று செயலமர்வு வைத்தார்கள். அதற்கு மட்டும் அதே திட்டத்தில் காசு இருந்தது. ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல். பாதி குடித்துவிட்டு வைத்த போத்தல்கள் மேசை முழுக்க நின்றன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொஞ்ச நாளில் வேலையை விட்டேன்.

போன கிழமை அந்தப் பக்கம் போக நேர்ந்தது. பம்ப் அறைப் பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது. பெயர்ப்பலகைக்கு மட்டும் புதுப் பெயின்ற், வேறொரு திட்டத்தின் பெயர். வடிகட்டிய தண்ணீரை யாரோ லொறியில் கொண்டுவந்து கேனில் விற்கிறார்கள். ஊற்றத் தண்ணீர் இல்லாத கழிப்பறைக்குள் பூமணியக்கா விறகு அடுக்கியிருக்கிறா. கிணறு இருந்த இடம் எதுவென்று எனக்கே மட்டுப்பிடிக்க முடியவில்லை.

நான் திண்ணையில் இருந்ததும் தண்ணீர் கொண்டுவந்தா. செம்பில் இல்லை, கோப்பையில். அதிலும் பாதிதான்.

"குறை நினையாதீங்க தம்பி" என்றா, "லொறி இனி வெள்ளிக்கிழமதான் வரும்."

ஒரு ஒழுங்கைக்கே தண்ணீர் கொடுத்த மனுசி அவ.