நான் கெடுத்த ஊற்று

எழுபதுகளில், தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தீவில் நானும் என் கணவரும் மட்டும் குடியிருந்தோம். மீன், ஆடு, முருங்கை, மணலில் தோண்டிய ஊற்று. எதற்கும் ஊரை எதிர்பார்க்கவில்லை என்று அவருக்குப் பெருமை. எதிரே புதுத் துறைமுகத்தின் விளக்குகள் தெரியத் தொடங்கியதிலிருந்து எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர் கெட்டால் ஊருக்குத் திரும்பித்தானே ஆகவேண்டும்? ஒரு விடியலில் நான்கு குடம் கடல்நீரை ஊற்றில் கொட்டினேன்.

அவர் ஒரு வாய் குடித்துத் துப்பினார். கடலிலிருந்து ஊற்றுவரை பதிந்திருந்த என் காலடிகளைப் பார்த்தார். மண்வெட்டியை எடுத்தார். ஆடுகள் தாகத்தில் கத்திக்கொண்டே இருந்தன.

மதியம், புது ஊற்றின் முதல் தண்ணீரைச் சிரட்டையில் நீட்டினார்.

"குடி ஏளா. போணும்னா சொல்லு, போவோம். ஆடு என்ன பாவம் பண்ணுச்சு?"

அத்தனை நாளில் ஊருக்குப் போவோமா என்று அவரிடம் ஒருமுறைகூட நான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.