எறிகிறவனின் நாக்கு

அவனுடைய கையுறையில் இருந்து தொடங்குவதுதான் நியாயம். அது எங்கள் வரவேற்பறை மேசையில், என் மனுசி விரித்திருந்த பூப்போட்ட துணியின் மேல் கிடந்தது. கோடை முழுக்கத் தோய்க்காத தோல். மழையில் நனைந்த நாய் கருவாட்டின்மேல் படுத்தெழும்பினால் எப்படி மணக்குமோ அப்படி மணத்தது. தோய்த்தால் பிடி போய்விடும் என்று அவன் விளக்கினான். நான் மூச்சை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன்.

அவன் அமெரிக்கன். ஜெர்மனியின் வுப்பர்டாலில் எங்கள் பக்கத்துக் கழகம் ஒன்று அமெரிக்கன் ஃபுட்போல் விளையாட அவனை இறக்கியிருந்தது. முனை கூரான பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆளையாள் விழுத்துகிற விளையாட்டு அது. எதிரணியில் பந்தை எறிகிறவன் ஒருவன் இருப்பான். அவன் எறியவும் எறியலாம், பக்கத்தில் ஓடுகிறவனின் கையில் கொடுக்கவும் கொடுக்கலாம். எது என்று முன்கூட்டியே பிடித்து, அவனை நிலத்தோடு நிலமாக்குவது எங்கள் அமெரிக்கனின் வேலை. ஞாயிற்றுக்கிழமை தோற்றால் கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும், இவனும் ஊருக்குப் பெட்டி கட்டவேண்டும்.

இதற்குள் நான் எப்படி வந்தேன்? தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஜெர்மன்காரன்தான் கழகத்தின் பயிற்சியாளன். சனி ஞாயிறுகளில் நான் எங்கள் சனங்களின் கலியாணம், பெண்பிள்ளைகள் வயதுக்கு வரும் சாமத்தியவீடு எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்பவன். கசெற்றிலிருந்து டிவிடிக்கு எல்லோரும் மாறிக்கொண்டிருந்த காலம். எதிரணியின் ஆட்டமொன்றை, அமெரிக்கன் பார்த்துப் படிக்க, எடுத்துவரும்படி பயிற்சியாளன் கேட்டான். "மேலே நில். எல்லா ஆட்டக்காரரும் படத்துக்குள் இருக்கவேண்டும். கிட்ட இழுக்காதே." யா, யா என்று ஜெர்மனில் ஆமாம் போட்டேன்.

யா சொன்னது வாய். எடுத்தது கலியாணவீட்டுக் கை. முன்வரிசை ஆட்களின் முகத்தை விட்டால் ஆயுளுக்கும் பேச்சுக் கேட்க வேண்டும் என்று பழகிய கை. தாலி கட்டும் விரலையும் பொம்பிளையின் கண்ணீரையும் கிட்ட இழுத்தே வளர்ந்த கை. ஆட்டம் ஒரு பக்கம் நடக்க, நான் முன்வரிசையில் சொசேச் தின்ற ஒரு பெரிய மனிதரை, கடுகுச்சாறு தாடியில் வழிய வழிய, ஆறுதலாக எடுத்திருக்கிறேன். மற்றதெல்லாம் அந்த எறிகிறவன். சேற்றில் கை ஊன்றி எழும்புவான், பிறகு அதே விரல்களை நாக்கால் நக்குவான். சீ! ஓங்காளம் வந்தது. அருவருப்பில் கண்ணை எடுக்க முடியாமல் ஒவ்வொரு முறையும் கிட்ட இழுத்தேன். நாக்கு திரை முழுக்க நின்றது.

வீட்டில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது: படத்தில் ஆட்டமே இல்லை. அதற்குள் படம் பார்க்க வந்த அமெரிக்கன் கீழே மணியை அடித்துவிட்டான்.

"நான் பாரிசுக்குக் கலியாண வேலையாப் போயிட்டன் எண்டு சொல்லும்" என்று மனுசியிடம் கெஞ்சினேன்.

"கமரா இஞ்சை, செருப்பு இஞ்சை, நீங்களும் கதவுக்குப் பின்னாலை. போய்த் திறவுங்கோப்பா, கண்டறியாத பயம்."

வந்து, கையுறையை மேசையில் போட்டுவிட்டு, நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்தான். முழங்காலில் ஐஸ் பை. கையில் உப்பும் தூளும் காணாத அவித்த கோழி, பிரேதத்தின் நிறத்தில். மனுசி கொடுத்த இறைச்சிக் கறியை, ஆட்டம் முடியுமட்டும் பத்தியம் என்பதுபோல் மறுத்துவிட்டான். கீழுதட்டுக்குள் ஏதோ புகையிலைத் தூளை அடக்கி, சாற்றைப் பிளாஸ்டிக் போத்தல் ஒன்றுக்குள் துப்பிக்கொண்டிருந்தான்.

"எங்கட ஆக்கள் வெத்திலை துப்பினால் நாகரிகமில்லை எண்டுவாங்கள்" என்று மனுசி குசினியில் இருந்து சொன்னாள். "இவர் அதைச் சேத்தெல்லோ வைக்கிறார், அரியண்டம்."

படம் ஓடியது. சொசேச். தாடி. நாக்கு. அவன் பின்னுக்கு ஓட்டினான். மறுபடி நாக்கு. எங்கள் சனங்கள்தான் சாமத்தியவீட்டுக் கசெற்றை, எவள் எந்தச் சீலையில் வந்தாள் என்று அறிய, தேயத் தேய ஓட்டுவார்கள். இவன் அவர்களை வென்றுவிட்டான். இந்தத் தோள் என்மேல் விழுந்தால் எந்த எலும்பு முதலில் போகும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

திடீரென்று எழும்பினான். ரீவியின் முன்னால் குனிந்து, ஓட்டைக் காலுறையோடு, முதல் அடியை வைத்துப் பார்த்தான். நாக்கு வந்தால் ஒரு பக்கம். வராவிட்டால் மறுபக்கம். திரும்பத் திரும்ப. நான் தண்ணீர் குடிக்க நடந்தாலே எங்கள் கண்ணாடி அலுமாரிக் கோப்பைகள் கலகலக்கும். அந்த மலை துள்ளியபோது ஒரு கோப்பைகூடச் சிணுங்கவில்லை. பயத்துக்கு நடுவிலும் அதை வாய்பிளந்து பார்த்தேன்.

"இதை யார் எடுத்தது?" என்று கேட்டான்.

"என் உதவியாள்" என்றேன். எனக்கு உதவியாள் என்று ஒருவனும் கிடையாது.

"எறியப்போகும்போது மட்டும் விரலை நக்குகிறான், பந்து வழுக்காமலிருக்க. கொடுக்கப்போனால் நக்குவதில்லை. தூரத்தில் நின்று எடுத்திருந்தால் இது தெரிந்திருக்காது. அந்த உதவியாளைக் கட்டிப்பிடிக்கவேண்டும்."

"நான்தான்" என்று உடனே சொன்னேன். கட்டிப்பிடித்தான். அந்த வியர்வை மணத்தோடு எனக்கு ஒரு கிழமை சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேலே நின்று, ஒழுங்காக, எல்லோரையும் படத்துக்குள் வைத்து எடுத்தேன். கடைசி நிமிடங்கள். நாங்கள் மயிரிழை முன்னால். எதிரணி ஒரு நல்ல எறி எறிந்தால் முடிந்தது. என் நாக்குக் கணக்கு பிழைத்துவிட்டால்? தாங்காமல் கிட்ட இழுத்துவிட்டேன். சேறு பூசிய விரல், அதன்மேல் அந்த அருவருப்பான நாக்கு. இப்படியொரு அசிங்கத்துக்காக நான் மடுமாதாவையும் நல்லூர்க் கந்தனையும் சேர்த்து வேண்டியிருக்கிறேன். எங்கள் ஆளின் கால் அதற்குள் திரும்பிவிட்டது. முன்னால் நின்ற தடியனைச் சுற்றிக்கொண்டு போனான், கதவிடுக்கில் காற்றுப் போவதுபோல. எறிகிறவன் விழுந்தான். பந்து எங்கோ உருண்டது. கழகம் தப்பியது.

அடுத்தநாள் மாலை மறுபடி மணி. மீசையில் பியர் நுரையோடு வருவான் என்று நினைத்தேன். ஐஸ் பை, வெள்ளைக் கோழி, துப்புகிற போத்தலோடு வந்தான். ஆட்டத்தின் நடுவில் ஓரிடத்தில் அரை அடி பிந்திவிட்டானாம்; அதைப் பார்க்கவேண்டுமாம்.

உட்கார்ந்தான். ஓட்டினான், நிறுத்தினான், ஓட்டினான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டினான். என்ன கேட்கிறான் என்று எனக்கு விளங்கிவிட்டது. அது விளங்கியதுதான் வெட்கம். குசினி வாசலில் மனுசி முறைத்துக்கொண்டு நின்றாள். நான் போத்தலை எடுத்துக் கொடுத்தேன். அது இளஞ்சூடாக இருந்தது.