மைக்கில் நான் அடித்த கோல்கள்

கேரள எல்லையில், பாறசாலைப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கிளப் ஆண்டுவிழா வந்தால் முதலில் மைக்கில் பெயரைச் சொல்லிவிடுவார்கள். ஆளிடம் கேட்பது அதற்கப்புறம்தான். மைக்கில் வந்த பெயரை மறுத்தால் குடும்பத்துக்கே தலைக்குனிவாம். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று காலை அடுக்களையில் நின்று பழங்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் ஒலிபெருக்கி கட்டின ஆட்டோ ஒன்று வந்தது. அதில் என் பெயர்! "அகாடமியின் புலிக்குட்டி, நம்ம ஊரின் பெருமை, ஞாயிறு மாலை பெண்கள் செவன்ஸில் களமிறங்குகிறாள்!" குரல் என் மாமனுடையது. அம்மாவின் தம்பி, கிளப் செக்ரட்டரி. கஞ்சியைப் பாதியில் வைத்தேன்.

நான் நெய்யாற்றின்கரையில் ஒரு கால்பந்து அகாடமியில் இருந்தேன். வெளியே விளையாடக் கூடாது என்பது அங்கே கண்டிப்பான சட்டம். வயலில் அணிக்கு ஏழு பேராக இந்தச் செவன்ஸ் ஆடி முட்டியை ஒடித்துக்கொண்டு வந்த பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துக் கோச் சாருக்கு வெறுத்துப் போயிருந்தது. பிடிபட்டால் அன்றோடு சரி. எனக்கோ திங்கட்கிழமை அங்கேயே தங்கி ஆடும் ஹாஸ்டல் அணிக்குத் தேர்வு. அதில் இடம் கிடைத்தால் ஜூனியர் ஸ்டேட் அணி, பிறகு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை. அகாடமிக்குப் போகும் விடியற்காலை ரயிலுக்கு ஸ்டேஷனில் நிற்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

ஆட்டோவின் பின்னால் ஓடினேன். செங்கல் ஊருக்குப் போகிற திருப்பத்தில் பிடித்தேன்.

"மாமா, ஆரக் கேட்டுட்டு என் பேரச் சொன்னிய? சாருக்குத் தெரிஞ்சா என்னத் தூக்கி வெளிய போடுவாரு!"

"ஏட்டி மக்கா, சாரு நம்ம வயலுக்கா வரப்போறாரு? உனக்க பேரச் சொன்னாத்தான் ஆளு கூடும்."

"நான் வரமாட்டேன்."

"செரி, வரண்டாம்," என்று சிரித்தார். அவர் அவ்வளவு எளிதாக விட்டுக்கொடுத்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஞாயிறு மாலை கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். வயல் பக்கமிருந்து மைக் அலறியது. கோல்! அடித்தது யார்? நான்! என் பெயரைச் சொல்லி மாமன் தொண்டை கிழியக் கத்துகிறார்.

"உனக்க மாமனுக்குக் கிறுக்கு பிடிச்சுதா?" என்றாள் அம்மா.

பிறகுதான் தெரிந்தது, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலிருந்து என் உயரத்தில் ஒருத்தியைக் கூட்டிவந்து, என் பெயரிலேயே இறக்கிவிட்டிருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு என்ன தெரியும்? அடுத்த கோலுக்கும் என் பெயர்தான், கைதட்டல் வேறு. மாமனுக்குப் போன் அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. அப்புறம் ஜெயித்த கப்பைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போய்விட்டார்.

திங்கட்கிழமை மைதானத்துக்குள் நுழைந்ததுமே கோச் சார் என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். யாரோ அனுப்பிய வீடியோ அவர் போனில் ஓடியது. தூசியில் யார் முகமும் தெரியவில்லை. என் பெயர் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"சத்தியமா நானில்ல சார்! ஊருல ஆரை வேணும்னாலும் கேளுங்க!"

"நின்றெ நாட்டுகாரு நினக்கு வேண்டியல்லே பறயூ," என்றார். ஊர்க்காரர்கள் எனக்குச் சாதகமாகத்தானே பேசுவார்கள் என்று அர்த்தம். பிறகு வீடியோவின் கடைசியில் தெரிந்த பேனரிலிருந்து கிளப் நம்பரை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார். பேசாதே என்று எனக்குக் கை காட்டினார். தான் யாரென்று சொல்லவில்லை. வேறொரு கிளப்புக்காரர் மாதிரி, நேற்று கோல் அடித்த பெண் தங்கள் போட்டிக்கும் வருவாளா என்று கேட்டார்.

போனை எடுத்த மாமனுக்குத் தலைகால் புரியவில்லை. "எனக்க மருமவளாக்கும் சாரே! சொந்த அக்காளுக்க மோளு! எத்தனை கோலும் அவளே அடிப்பா! என்னைக்கு வேணும்?"

"மாமா! கோச் சாராக்கும் பேசுகது!" என்று நான் அலறிவிட்டேன்.

"ஐயோ சாரே... அது அவ இல்ல. வேற ஒரு பிள்ள. பேரு மட்டும்தான்..."

சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. ஜெர்சியைக் கழற்றி வைக்கச் சொன்னார். வெளியே தேர்வுக்கு விசில் அடித்தார்கள். மேஜைமேல் கிடந்த போனில் மாமன் அழுதுகொண்டே சத்தியம் பண்ணினார். "அம்மையாண சாரே, எனக்க பிள்ள வீட்டுலயாக்கும் இருந்தா. வயலுக்கே வரல்ல."

அத்தனையும் உண்மை. சார் போனை அணைத்தார்.