ஹொங்கொங் படமும் நான் வாசிக்காமல் விட்ட விமர்சனமும்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு நவம்பர் மாதச் சனிக்கிழமை பின்னேரம், டென்மார்க்கில் நான் வசிக்கும் இக்காஸ்ட் நகரத்து நூலகத்தில் நடந்தது இது. அங்கே மாதம் ஒருமுறை வெளிநாட்டுப் படம் காட்டுவார்கள். படத்தைத் தெரிவு செய்வது என்னைப் போன்ற சில தொண்டர்கள். அந்த மாதம் என்னுடைய முறை.

நான் ஒரு ஆடை நிறுவனத்தின் களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். என்னோடு பெட்டி கட்டும் தோழி ஹொங்கொங்கில் பிறந்தவள். அம்மா இறந்த பிறகு அப்பாவைத் தன்னோடு அழைத்து வைத்திருந்தாள். அவருக்கு ஹொங்கொங்கில் பேசும் கான்டனீஸ் மொழியைத் தவிர வேறொன்றும் தெரியாது. மகள் வேலையால் வரும்வரை கதைக்க ஆளில்லை. அதைக் கேட்டதிலிருந்து என் மனதில் ஒரே எண்ணம்தான். நூலகத்தில் ஹொங்கொங் படம் ஒன்றைப் போட வேண்டும்.

இணையத்தில் தேடினேன். ஒரு வாள்சண்டைப் படத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். அதன் கீழே ஆங்கிலத்தில் நீளமான விமர்சனம். வேலை முடிந்து வந்த களைப்பில் யார் அதை வாசிப்பது? நட்சத்திரத்தைப் பார்த்தேன், படத்தின் டிவிடி வட்டை எடுப்பித்தேன். உறையில் மொழி "சீனம்" என்று போட்டிருந்தது. அது போதும் என்று நினைத்தேன். தோழியிடம், "அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, உங்களுடைய மொழிப் படம்" என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் கோட்டுப் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தார். முன்வரிசையில் இருந்தார். படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் மகளிடம் ஏதோ கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். அதன் பிறகு கைகளை முழங்காலில் வைத்தபடி கடைசிவரை அசையாமல் இருந்தார். படத்தில் ஒன்றிவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

முடிந்ததும் ஓடிப்போய், அப்பாவுக்குப் பிடித்ததா என்று கேட்டேன். தோழி கொஞ்சம் தயங்கினாள்.

"இது கான்டனீஸ் இல்லை, மாண்டரின். நடித்தவர்கள் எங்கள் ஆட்கள், குரல் வேறு யாருடையதோ. அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் உனக்கு நன்றி சொல்லச் சொல்கிறார்" என்றாள்.

அவர் எழுந்து, குனிந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"சீனப்படம் சீனத்திலதானே இருக்கும்? உதுக்குப் போய் ஏன் அழுறீர்?"

"எங்களைக் கூட்டிக்கொண்டு போய், உங்கட மொழிப் படமெண்டு சொல்லி ஹிந்திப் படம் போட்டுக் காட்டினா உங்களுக்கு எப்பிடி இருக்கும்?" என்று கேட்டேன்.

தமிழ் வேறு, ஹிந்தி வேறு என்று டெனிஷ்காரருக்கு விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தியே எங்கள் வாய் நொந்திருக்கிறது. அதே பிழையைத்தான் நான் அந்த மனிதருக்குச் செய்திருந்தேன்.

அடுத்த நாள் காலை அந்த விமர்சனத்தை முதல்முறையாக வாசித்தேன். மூன்றாவது பந்தியிலேயே இருந்தது: ஐரோப்பாவில் விற்கும் இந்த வட்டில் மூலக் குரல்கள் இல்லை, மாண்டரின் டப்பிங் மட்டும்தான், கான்டனீஸில் பார்க்க விரும்புகிறவர்கள் இதை வாங்க வேண்டாம். எழுதினவர் தெளிவாக எச்சரித்திருக்கிறார். நான்தான் நட்சத்திரத்தோடு நின்றுவிட்டேன்.

திரும்பவும் போடுவேன், இந்த முறை சரியாகப் போடுவேன் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

அதே விமர்சகர் ஹொங்கொங் படங்களைப் பற்றி நிறைய எழுதியிருந்தார். தினமும் வேலைக்குப் போகுமுன் ஒரு கட்டுரை என்று வைத்துக்கொண்டேன். என் ஆங்கிலம் மெதுவாகத்தான் நகரும். ஆனாலும் விடவில்லை. எந்தப் படம் எந்த மொழியில் எடுக்கப்பட்டது, எந்தப் பகிடி திரையின் கீழே ஓடும் மொழிபெயர்ப்பு எழுத்தில் வராமல் போகிறது என்றெல்லாம் அவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டு போவார். அப்படித்தான் ஒரு சின்னப் படத்தைப் பற்றி அறிந்தேன். அப்பா விட்டுப்போன நூடில்ஸ் கடையை விற்பதா வேண்டாமா என்று இரண்டு சகோதரர்கள் வாய்ச்சண்டை பிடிக்கும் கதை. வாளும் இல்லை, உதையும் இல்லை. அந்தப் பேச்சில்தான் படத்தின் உயிர் இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

மூலக் குரல் உள்ள பதிப்பு எது என்று அவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். பதில் வரும் என்று நம்பவில்லை. இரண்டாம் நாளே வந்தது. எந்தப் பதிப்பு, ஒலித்தெரிவில் எதை அழுத்த வேண்டும் என்பதுவரை எழுதியிருந்தார்.

நூலகப் பொறுப்பாளருக்கு விருப்பமில்லை. நூடில்ஸ் கடைச் சண்டையைப் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்டார். ஏன் பார்க்க வேண்டும் என்று படத்துக்கு முன் நானே பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருடத்தில் நாலு பேருக்கு முன் எழுந்து நின்று டெனிஷில் பேசினவள் இல்லை நான். எழுதி வைத்துக் கணவருக்கு முன்னால் வாசித்துப் பழகினேன்.

"கொஞ்சம் ஆறுதலா வாசியும். உம்மை ஒருத்தரும் துரத்தேல்லை" என்றார்.

தோழி, அப்பா இனி வரமாட்டார் என்றாள். நான் வாதாடவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் அந்தப் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை அவளுக்குப் போட்டுக் காட்டினேன். முள்ளுக்கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டவள், சட்டென்று சிரித்துவிட்டாள். "எங்கள் தெருவில் இப்படித்தான் கதைப்பார்கள். அப்பாவைக் கேட்டுப் பார்க்கிறேன்" என்றாள்.

மார்ச் மாதம் படம் போட்டோம். இருபது பேர்கூட இல்லை. தோழியின் அப்பா வந்திருந்தார், பழைய கம்பளிச் சட்டையோடு, அரைமனதாக. நான் எழுதி வைத்ததைப் பார்த்துப் பேசி முடித்தேன். படம் தொடங்கியது.

மூத்த சகோதரன் ஏதோ சொன்னான். டெனிஷ் எழுத்து திரையில் வருவதற்கு முன்பே முன்வரிசையில் ஒரு சிரிப்புக் கேட்டது. அவர்தான். பிறகு நாங்கள் வாசித்துவிட்டுச் சிரித்தோம். படம் முழுக்க அப்படியே போனது. கொஞ்ச நேரத்தில் எல்லோரும் அவருடைய சிரிப்புக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிட்டார்கள். ஓரிடத்தில் அவர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார், மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். டெனிஷ் எழுத்தில் சிரிக்க ஒன்றுமே இல்லை. கடை விற்கப்படும் இடத்தில் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

முடிந்ததும் நேரே என்னிடம் வந்து, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கான்டனீஸில் கதைக்கத் தொடங்கினார். ஐந்து நிமிடமாவது இருக்கும். மகள் மொழிபெயர்க்க வாய் திறந்தாள், அவர் நிற்கவில்லை. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. என்னை அறியாமல் நான் தமிழிலேயே "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நன்றி சொல்கிறாராக்கும் என்று தோழியைப் பார்த்தேன். அவள் சிரித்தாள். "இல்லை, குறை சொல்கிறார். முடிவு பிழையாம். இளையவன் அவ்வளவு இலேசாகக் கையெழுத்து வைத்திருக்க மாட்டானாம். நூடில்ஸ் போடுகிறவனைக் கேட்காமல் எடுத்த படமாம்."

அவ்வளவு நாள் வாய் திறக்காமல் இருந்த மனிதர், நூலக வாசலில் நின்று தன் விமர்சனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் எந்தப் படத்தின் விமர்சனத்தையும் கடைசி வரிவரை வாசிக்கிறேன். எனக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து, கவனமாகப் பார்த்து, நேர்மையாக எழுதிவைப்பது எத்தனை பெரிய உபகாரம் என்பதை அவர் கதைத்த அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு சொல்லும் விளங்காமலே நான் விளங்கிக்கொண்டேன்.