ஏலக்காய் வாடை இல்லை அது

போன வருடம் ஐப்பசியில் ஒரு காலை. போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். கணவர் ஓட்ட, என் மடியில் மூன்று வயது மகள். கார் எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. இரண்டே கதவு, தரையை ஒட்டிய சிவப்பு உடம்பு, அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார். எட்டு மாதம் தேடி வாங்கி அவரே பாலீஷ் போட்டது. அதற்கு அதுதான் முதல் மலைப் பயணம்.

ஏறும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வளைவுகளில் இன்ஜின் உறுமும்போதெல்லாம் மகள் கைதட்டினாள். மெட்டு டீக்கடையில் நாலு பேர் சுற்றி நின்று படம் எடுத்தார்கள்.

இறங்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை வந்தது.

"ஏதோ கருகுதுங்க."

"தோட்டத்து ஸ்டோர்ல நெருப்பு போட்டு ஏலக்காய் காயவைக்கிறாங்க. ஒனக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்று சிரித்தார்.

கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் வண்டியைத் திருப்பச் சொல்கிறவள் நான். அதனால் அவர் சிரித்ததில் தப்பில்லை. ஆனால் ஏலக்காய் காயும் வாடை எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். இது அது இல்லை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு வளைவுகள் கடந்தன.

எதிரே தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து ஓர் அக்கா தலையை நீட்டிக் கத்தினார்: "ஏத்தா, சக்கரத்துல பொகை வருது! வெரசா நிப்பாட்டச் சொல்லு!"

கணவர் பிரேக்கை மிதித்தார். கால் தரைவரை போனது, கார் நிற்கவில்லை. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்க மண்ணில் உரசித்தான் நிறுத்தினார். அடுத்த வளைவு பத்தடியில் இருந்தது.

ஜீப்பும் நின்றது. பெண்கள் ஓடிவந்து சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். ஜீப் டிரைவர் குனிந்து பார்த்தார். "ஏறுன கியர்லயே எறங்கணும்ணே. பிரேக்கையே மிதிச்சுச் சூடேத்துனா பழைய வண்டி என்ன செய்யும்?"

"பெயிண்டு போச்சேன்னு அழுதுருவாரு போல, மொகத்தப் பாரு" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நேரமானால் தோட்டத்துக் கங்காணி திட்டுவாரே என்றேன். "வஞ்சா வையட்டும். பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு நிக்கிற" என்றார் அந்த அக்கா. சக்கரச் சூடு தணியும்வரை அவர்கள் போகவில்லை.

மீதி மலையைச் சின்ன கியரில் ஊர்ந்தே இறங்கினோம். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும், "இப்ப வாடை வருதா?" என்று மட்டும் கேட்டார்.

இன்றும் மலை இறங்கும்போது கேட்கிறார். சொல்லாமல் விட்ட அந்த இரண்டு வளைவுகளை நினைத்துக்கொண்டு, ஒருமுறை நன்றாக மோந்து பார்த்துவிட்டே பதில் சொல்கிறேன்.