வில்ஃப் ஹேஸ்லம் வெளியே போன சீசன்

ஆல்டர்ஷா டவுன் கால்பந்துக் கழகம் இரண்டாம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு இறக்கிவிடப்பட்ட வருடத்தில், அதற்குப் பத்திரிகைக்காரர்கள் பல காரணம் எழுதினார்கள். கோல்கீப்பருக்கு முழங்கால் சரியில்லை. மேனேஜருக்குத் தலை சரியில்லை. முன்வரிசையில் ஆட ஸ்காட்லாந்திலிருந்து தருவித்த ஆள், பந்தைக் கண்டால் வழிவிட்டு ஒதுங்குகிற அளவுக்கு மரியாதை தெரிந்தவர். எல்லாம் சரிதான். ஆனால் டான்யார்ட் லேன் மைதானத்தின் மர ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு உண்மை தெரியும். கழகத்தின் கதி அந்தப் பதினோரு பேர் காலில் இல்லை. வில்ஃப் ஹேஸ்லம் என்கிற பஸ் டிரைவர் எப்போது எழுந்து வெளியே போகிறார் என்பதில் இருந்தது.

வில்ஃப் அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். நெட்டை, ஒல்லி, தலையில் எப்போதும் தட்டைத் தொப்பி. கூட்டத்தில் யாராவது அவர் காலை மிதித்தால் அவர்தான் மன்னிப்புக் கேட்பார். சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஓடுகிற பஸ் அவருடையது. சின்ன வயதிலிருந்து ஆல்டர்ஷா டவுனைத் தவிர அவருக்கு வேறு கெட்ட பழக்கம் கிடையாது.

அவருக்கு நேர் பின்வரிசையில் டோரீன் பிக்கப். சர்ச் தெருவில் மீன் வறுவல் கடை வைத்திருந்த அம்மாள். எண்ணெய்ச் சட்டிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல், ஆகவே அவர் ரகசியம் சொன்னால் எதிர்ப்பக்க ஸ்டாண்டுக்கும் கேட்கும். பிஷப்பாக இருந்தாலும் போக்கிரியாக இருந்தாலும் அவருக்கு எல்லோரும் 'கண்ணு'தான்.

ஆரம்பித்தது சாதாரணமாகத்தான். செப்டம்பரில் ஒரு மழைச் சனிக்கிழமை, வில்ஃப் சூடாக மாட்டிறைச்சிச் சாறு வாங்க எழுந்து போனார். திரும்பி வந்தால் ஸ்டாண்டே கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறது. கோல். அடுத்த ஆட்டத்தில் கழிப்பறைக்குப் போனார். கோல். அதற்கடுத்ததில் தும்மல் வந்து, பிறர்மேல் தெறிக்கக் கூடாதே என்று படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார். அதற்கும் கோல்.

"நான் ஒண்ணு கவனிச்சேன், கண்ணு," என்றார் டோரீன். "நீ போனாத்தான் அடிக்கிறானுங்க."

"ஏதோ தற்செயலா இருக்கும், டோரீன்."

"அப்ப இன்னொரு தடவை தற்செயலாப் போயிட்டு வாயேன்."

போனார். அடித்தார்கள்.

அன்றிலிருந்து அது கருத்து என்ற நிலையைக் கடந்து சமயமாகிவிட்டது. எந்தச் சமயத்துக்கும் வருகிற சங்கடங்கள் இதற்கும் வந்தன. விளக்கங்களும் கூடவே வந்தன. வில்ஃப் போயும் கோல் விழவில்லையென்றால் அவர் மனசாரப் போகவில்லை. எதிரணி கோல் போட்டால் அவர் சீக்கிரம் திரும்பிவிட்டார். எங்கள் வரிசையில் பள்ளிக்கூட விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் இருந்தார், கிளிஃபர்ட் ஷார்ராக் என்று பெயர். இதெல்லாம் பிதற்றல் என்று முதலில் சொன்னவர் அவர். ஜனவரி வந்ததும், "ஏம்ப்பா வில்ஃப், கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறியா, இந்தப் பக்கமா? தூரம் முக்கியம்ப்பா," என்று கேட்டவரும் அவரே.

குளிர்காலத்தில் தோல்விமேல் தோல்வி. அதற்கேற்ப வில்ஃபை வெளியேற்றுவதும் வேகம் பிடித்தது. முதலில் டோரீன் மட்டும் தோளைத் தட்டுவார். பிறகு வரிசையே திரும்பிப் பார்க்கும். பிப்ரவரியில் முழு ஸ்டாண்டும் மரப்பலகையைக் காலால் உதைத்து, "போ வில்ஃப், போ!" என்று பாட ஆரம்பித்தது. எதிரணி ரசிகர்கள் வில்ஃப் என்பது எங்கள் மேனேஜரின் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். மெத்தை வியாபாரியான எங்கள் கழகத் தலைவர், திரு. ஹேஸ்லம் எத்தனை கோப்பை சாறு குடித்தாலும் இலவசம் என்று சொல்லியனுப்பினார். அணியைப் பலப்படுத்த அந்த சீசனில் நிர்வாகம் எடுத்த ஒரே நடவடிக்கை அது.

வில்ஃபின் மனைவி ஐவி ஆட்டம் பார்க்க வருவதில்லை. சனிக்கிழமை வில்ஃப் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று கேட்பார்: "பாக்கப் போறீங்களா, நடக்கப் போறீங்களா?"

திங்கட்கிழமை பஸ்ஸில் பயணிகள் கேட்பார்கள். "வில்ஃப், அந்த ரெண்டாவது கோல் எப்படி இருந்துச்சு?"

"அருமையான சத்தம்ங்க," என்பார் வில்ஃப். பொய் சொல்ல வராது அவருக்கு.

இப்போது நினைத்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மர ஸ்டாண்டில் ஈரக் கம்பளி மணமும் புகையிலை மணமும் சேர்ந்த அந்தப் பிற்பகல்கள் இனி எங்கே கிடைக்கும்? இப்போதெல்லாம் இருக்கை பிளாஸ்டிக், நுழைவாயிலில் இயந்திரம். ஒரு மனுஷனை எழுப்பி வெளியே அனுப்பினால் அவர் மறுபடி உள்ளே வர அந்த இயந்திரம் சம்மதிக்காது. தோற்றாலும் எங்களிடம் ஒரு வழி இருந்தது. அந்த வழிக்கு ஒரு தொப்பியும் மப்ளரும் இருந்தன.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் 'பிளாக் ராம்' மதுக்கடையில் வில்ஃப் என்னிடம் மட்டும் மனசைத் திறந்தார். நிலவரம் எல்லோருக்கும் தெரியும். வெண்ட்ஸ்ஃபோர்டு அணியை ஜெயித்தால் தப்பிப்போம். சமன் என்றாலும் இறக்கம்தான்.

"நான் வெளிய நின்னு, அவங்க ஜெயிச்சு, தப்பிச்சிட்டாங்கன்னு வெச்சுக்க," என்றார். "அதுக்கப்புறம் சாகற வரைக்கும் என்னை உள்ள விடுவாங்களா?"

"விட மாட்டாங்க," என்றேன். நானே விடமாட்டேன்.

"எனக்கு ஒரு கோலைக் கண்ணால பாக்கணும்ப்பா. ஒண்ணே ஒண்ணு."

"அப்ப இறங்கினாப் பரவாயில்லையா?"

வில்ஃப் பதறிப்போனார். யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தார். "நான் அப்படிச் சொன்னேனா? என் அப்பா தூக்கிட்டு வந்து காட்டின டீமு அது. அப்படி நினைப்பேனா?" என்றவர், தன் பீரைப் பார்த்தபடி, "நினைக்காம இருக்கப் பாக்கறேன்," என்றார்.

மறுநாள் முதல் பாதி கோல் இல்லாமல் முடிந்தது. வில்ஃப் அசையவில்லை. இடைவேளையில் டோரீன் முன்பக்கமாகக் குனிந்தார். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவர் குரல் தணிந்து கேட்டேன்.

"கண்ணு, உன்னைக் கட்டாயப்படுத்தலை."

"தெரியும், டோரீன்."

"ஆனா இவ்ளோ பேரும் உன்னையேதான் பாக்கறாங்க."

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். வில்ஃப் எழுந்தார். தன் இருக்கையைக் கையால் ஒருமுறை துடைத்தார், யாருக்கோ விட்டுக்கொடுப்பதுபோல. வழக்கமாக உதைக்கிற பலகைகள் அன்று அமைதியாக இருந்தன. ஷார்ராக் ஆசிரியர் தொப்பியைக் கழற்றினார்.

அதன் பிறகு வெளியே நடந்தது குதிரைமேல் காவலுக்கு இருந்த கான்ஸ்டபிள் பிரையர்லி சொல்லி ஊருக்கே தெரியும். இந்த முறை வில்ஃப் சாறு விற்கிற இடத்தில் நிற்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மைதானத்தை விட்டே வெளியேறி, டான்யார்ட் லேனில் செங்கல் மதிலோரம் வந்து நின்றார். தெருவில் அவர், கான்ஸ்டபிள், குதிரை. மூன்று பேரும் மதிலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதிலுக்கு மேலே சத்தம் வெடித்தது. குதிரை இரண்டடி பின்வாங்கியது.

"நம்ம கோலா?" என்றார் கான்ஸ்டபிள்.

"நம்மளுதுதான்," என்றார் வில்ஃப். "தலையால அடிச்சிருக்காங்க. காலால அடிச்சா முன்னாடியே ஒரு 'ஓ' வரும்."

கான்ஸ்டபிள் குதிரையை மெல்ல நகர்த்தி வில்ஃபுக்கும் வாசலுக்கும் நடுவில் நிறுத்தினார். "நீங்கதான் அந்த வில்ஃபா? நானும் ஆல்டர்ஷாதான் சார். இந்த இடத்தை விட்டு நகர்ந்தீங்க, பொது அமைதிக்குக் குந்தகம்னு பிடிச்சு உள்ள வெச்சிடுவேன்."

"உள்ளயா?"

"ஸ்டேஷனுக்குள்ள."

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது பெரிய வாசல்களைத் திறந்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம், கூட்டம் நெரிசலில்லாமல் வெளியேற. அன்றும் திறந்தார்கள். பச்சைப்புல் ஒரு கீற்றாகத் தெரிந்தது. கோல் கம்பம் ஒன்று முழுசாகத் தெரிந்தது. வில்ஃப் அதைப் பார்த்த வேகத்தில் திரும்பி, வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றார். ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற பஸ் ஒன்று கடந்து போனது. ஓட்டி வந்த சக டிரைவர் ஹாரன் அடித்தார். வில்ஃப் கைகூட ஆட்டவில்லை.

அப்போது மைதானத்தின் தூரத்து மூலையிலிருந்து மட்டும் ஒரு சத்தம் எழுந்தது. சின்னச் சத்தம், ஒரு பஸ் நிறைய ஆட்கள் கத்தினால் வருமே, அவ்வளவுதான். மற்ற மூன்று பக்கமும் ஒன்றுமே கேட்கவில்லை.

இந்த முறை யார் கோல் என்று கான்ஸ்டபிள் விசாரிக்கவில்லை. வில்ஃபும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் விசில் ஊதியது அவர்கள் இருவருக்கும் தெளிவாகக் கேட்டது.

உள்ளே நாங்கள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒன்றுக்கொன்று. சமன். மூன்றாம் பிரிவு. டோரீன் மப்ளரில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். எதிர்த்திசையில் வடிந்துகொண்டிருந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு படியேறி வந்தார் வில்ஃப். பின்னாலேயே, குதிரையை யார் கையிலோ ஒப்படைத்துவிட்டு, கான்ஸ்டபிள் பிரையர்லி.

"எட்டிப் பாத்தியா?" என்றார் டோரீன்.

"இல்லை, டோரீன்."

"வாசலைத் திறந்தாங்களே. ஒரு கண்ணாலயாவது?"

"பாக்கலைங்கம்மா," என்றார் கான்ஸ்டபிள், நீதிமன்றத்தில் நிற்கிற தோரணையில் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. "முதுகைக் காட்டிக்கிட்டே நின்னாரு. நானும் குதிரையும் சாட்சி."

"அவங்க கோல் விழும்போதும் வெளியதான் இருந்தாரா?" என்றார் டோரீன்.

"வெளியதான். தெருவுல."

எங்கள் வரிசை இதை மெதுவாக மென்று விழுங்கியது. ஆள் வெளியே. கதவுக்கும் வெளியே. தூரம் போதுமானது. மனசாரத்தான் போனார். இருந்தும் கோல் விழுந்தது. ஷார்ராக் ஆசிரியர் கழற்றிய தொப்பியை மறுபடி தலையில் மாட்டிக்கொண்டார்.

"அப்ப," என்றார் டோரீன், ஒவ்வொரு வார்த்தையாக, "நம்ம பசங்க ஆடினதே மட்டம்தானா?"

"அப்படித்தான் போல, டோரீன்," என்றார் வில்ஃப்.

ஊரே அழுதுகொண்டிருந்த அந்த மாலையில் வில்ஃபின் முகத்தை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவருக்கும் கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை. ஆனால் வாய் ஓரத்தில் ஏதோ ஒன்று மேலே ஏறப் பார்த்தது. அதை அவர் மப்ளரால் மூடிக்கொண்டார். டோரீன் அவருடைய இருக்கையில் வைத்திருந்த தன் கைப்பையை எடுத்துவிட்டு, "உக்காரு, கண்ணு. கால் வலிக்கும்," என்றார்.

ஆகஸ்டில் மூன்றாம் பிரிவு ஆரம்பித்தது. வெயில் அடித்தது. பேர் தெரியாத ஏதோ கடலோர ஊர் அணி. வில்ஃப் முதல் நிமிஷத்திலிருந்து தன் இடத்தில் இருந்தார். யாரும் தோளைத் தட்டவில்லை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் மூலையிலிருந்து பந்து வந்தது. எங்கள் ஸ்காட்லாந்துக்காரர் அதற்கு மரியாதையோடு வழிவிட்டார். அது எதிரணி ஆள் ஒருவனின் முழங்காலில் பட்டு, வழியைக் கேட்டுக் கேட்டுப் போவதுபோல உருண்டு, கோட்டைத் தாண்டியது. கோல்.

நாங்கள் எல்லோரும் எழுந்து குதித்தோம். வில்ஃப் மட்டும் உட்கார்ந்தபடி புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா கண்ணு? கண்ணால பாத்தியா?" என்று டோரீன் அவரைப் பிடித்து உலுக்கினார்.

"பாத்தேன்," என்றார் வில்ஃப். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். "வெளியிலிருந்து கேட்டப்போ இதைவிடப் பெருசா இருந்துச்சு."