செம்மணலில் முப்பத்தொரு சைக்கிள்கள்

சனிக்கிழமை காலை 9.40. தூத்துக்குடியில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற ஆம்னி வேனில் பதினான்கு பைகள், இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டு, மலைச் சைக்கிள் ஒன்று, காற்றடிக்கும் பம்பு ஒன்று ஏறியிருந்தன. நான் மூன்றாம் முறையாக எண்ணினேன்.

"மாமா, ரெண்டு நாளுக்குப் போறோமா, இல்ல கப்பல் ஏறுதோமா?" என்றாள் மருமகள் ஜெசிந்தா, குசினிச் சன்னலைச் சாத்தியபடி.

கப்பலில் இருப்பவன் என் மகன். போய் ஏழு மாதமாகிறது. அவன் மகளுக்குத் துணைபோகும் வேலை எழுபத்து மூன்று வயதில் எனக்கு வந்தது. பேத்தி மெர்சிக்குப் பதினான்கு வயது. காயாமொழிக்கு அப்பால் தேரிக்காட்டில் ஞாயிறு காலை பதினாறு வயதுக்குட்பட்ட பெண்களுக்கு மலைச் சைக்கிள் பந்தயம். முதல் எட்டுப் பேர் ஊட்டியில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். மெர்சி இதுவரை மலையைக் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் உயரமானவை இரண்டுதான்: மேம்பாலமும் உப்புக் குவியலும். ஒன்றரை வருடமாகத் தினமும் அந்தப் பாலத்தில் பன்னிரண்டு முறை ஏறி இறங்கியவள், மலை எப்படி இருக்கும் என்று மட்டும் அடிக்கடி கேட்பாள்.

10.25. முக்காணியில் தேநீர், ஒன்று பன்னிரண்டு ரூபாய். வேனை ஓட்டிய முத்துக்குட்டி பக்கத்து ஆத்தூர்க்காரர். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். நான் பின்கதவைத் திறந்து பைகளை மறுபடி பார்ப்பதை அவர் கண்ணாடியில் கவனித்திருக்கிறார்.

"அண்ணாச்சி, பதினாலு பையும் அங்கனதான் இருக்கு. ஓடுத வண்டியில இருந்து எறங்கி நடந்தா போயிரும்?"

"ஆத்துப் பாலத்துல குலுங்கும்லா" என்றேன்.

"குலுங்குனா பை ஒடையாது, உங்க நெஞ்சுதான் ஒடையும்."

மெர்சி சிரித்தாள். புறப்பட்டதிலிருந்து அதுதான் அவள் முதல் சிரிப்பு.

பகல் 12.10. வீட்டிலிருந்து ஐம்பத்தொரு கிலோமீட்டர். காயாமொழி தாண்டித் தார்ச்சாலை ஒரு வளைவில் திரும்பியதும் நான் எண்ணுவதை நிறுத்தினேன். இதுதான் தேரி. கண்ணுக்கு எட்டியவரை சிவப்பு. செங்கல் பொடியைக் கடல்போலக் கொட்டி, காற்றைவிட்டு அலை எழுப்பியதுபோல மேடும் பள்ளமும். பனைகள் இடுப்புவரை மணலில் புதைந்து நிற்கின்றன. முப்பத்தெட்டு வருடம் துறைமுகத்தில் சரக்கு எண்ணிய எனக்கு, வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் இப்படி ஒன்று கிடப்பது தெரியாமலே போயிருக்கிறது. வெள்ளை உப்பையும் சாம்பல் நிலக்கரியையும் பார்த்துப் பழகிய கண் கூசியது. செருப்பைக் கழற்றிக் காலை வைத்தேன். மணல் கணுக்காலை விழுங்கியது.

"எப்பா" என்றாள் ஜெசிந்தா. அவளும் செருப்பைக் கழற்றினாள்.

பிற்பகல் 3.00. ஊர்ச் சமுதாயக் கூடத்தில் குடும்பங்களுக்கான கூட்டம். பத்தொன்பது குடும்பங்கள், அறுபத்தாறு பேர்; மற்றப் பிள்ளைகள் பள்ளி ஆசிரியர்களோடு வந்திருந்தார்கள். பயிற்சியாளர் செல்வராணி திருநெல்வேலிப் பெண், முப்பது வயது இருக்கலாம், ஒலிபெருக்கி வேண்டாத குரல். இனிமேல் போகும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்: ராத்திரி சோறு ஏழு மணிக்குள் முடியவேண்டும், இனிப்போ புதிதாக எதையுமோ தின்னக் கொடுக்கக்கூடாது, காலையில் வாழைப்பழமும் உப்புப் போட்ட கஞ்சியும் போதும், தலைக்கவசத்தின் வார் விரல் நுழையும் அளவு இறுக வேண்டும். நாங்கள் கொண்டுபோன மூன்று டப்பா மக்ரூனும் அந்த நிமிடமே பயனற்றுப் போயிற்று.

"வெளிய நின்னு பிரேக்கப் பிடி, கியர மாத்துன்னு கத்தாதீங்க. கையத் தட்டுங்க, போதும்" என்றார் செல்வராணி. "இன்னொண்ணு. ஆறு மணிக்கு நாங்க வண்டியப் பாத்து முடிச்சிருவோம். அதுக்கப்புறம் வீட்டாளுங்க யாரும் வண்டியத் தொடக்கூடாது. வண்டி பிள்ளையளோடது."

மொத்தம் பதினோரு அறிவுரைகள். எல்லாவற்றையும் எண் போட்டு எழுதிக்கொண்டேன். தொடக்கூடாது என்பது ஏழாவது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொற்கையிலிருந்து வந்த ஐயாத்துரை. நெல் விவசாயி. அவர் மகளும் ஓட்டுகிறாள். "வயலுக்கு விடியவிடியத் தண்ணி பாச்சிருவேன் அண்ணாச்சி. சும்மா நிக்கச் சொல்லுதாங்க பாருங்க, அதுதான் முடியாது" என்றார். அவர் எனக்காகவே பேசியதுபோல இருந்தது.

மறுநாள் ஞாயிறு திருப்பூசை தப்பிவிடும் என்பதால் ஐந்து மணிக்கு ஜெசிந்தாவும் நானும் வீரபாண்டியன்பட்டினம் கோயிலுக்குப் போய் மாலைப் பூசை கண்டு வந்தோம். திரும்பியபோது சைக்கிள்கள் சோதனை முடிந்து சுவரோரம் வரிசையாக நின்றன.

ஞாயிறு காலை 5.15. கூடத்தில் படுத்திருந்த எல்லோருக்கும் முன் விழித்துவிட்டேன். தண்ணீர் பிடிக்கப் போகும் வழியில் மெர்சியின் சைக்கிள். முன்சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பழுத்த வாழைப்பழம்போல அமுங்கியது. பின்சக்கரமும் அப்படியே. எங்கள் ஊரில் உப்பு மூட்டை ஏற்றும் சைக்கிளானாலும் துறைமுகத்துக்குள் வரும் லாரியானாலும் டயர் கல்போல இருக்கவேண்டும். காற்றில்லாத வண்டியை நான் வாசலுக்குள் விட்டதில்லை. ஏழாவது அறிவுரை நினைவுக்கு வராமல் இல்லை. பிள்ளை தூங்குகிறாள், நான் பார்க்காவிட்டால் யார் பார்ப்பது என்று அதை ஒதுக்கிவிட்டேன். பம்பை எடுத்துவந்து சக்கரத்துக்கு முப்பத்தைந்து அடி, மொத்தம் எழுபது. பிறகு நிம்மதியாகக் கஞ்சி குடித்தேன்.

7.10. முப்பத்தொரு பெண்கள் கோட்டின் முன் நின்றார்கள். அறுபத்தாறு பேர் நின்ற மேட்டில் பனையோலை உரசும் சத்தம் மட்டும் கேட்டது. சுற்று மூன்று கிலோமீட்டர், நான்கு சுற்று. கொடி இறங்கியதும் செம்மணல் புகைபோல எழுந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் சக்கரம் மிதக்க மிதக்க முதல் மேட்டில் ஏறினார்கள். மெர்சியின் சக்கரம் மட்டும் மிதக்கவில்லை. கத்தி இறங்குவதுபோல மணலுக்குள் இறங்கியது. இரண்டு முறை மிதித்தாள், நின்றுவிட்டது. இறங்கிக் குனிந்து டயரை அழுத்திப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி நாங்கள் நின்ற மேட்டைப் பார்த்தாள்.

"ஏன் நிக்கா?" என்றேன்.

"காத்த எறக்குதா" என்றாள் ஜெசிந்தா. "நேத்து சாயங்காலமே எறக்கிட்டேன்னுலா எங்கிட்ட சொன்னா. எங்க ஊரு பெரியதாழையில கரைக்குப் படகு இழுக்குற டிராக்டருக்கு அப்படித்தான் செய்வாங்க, மாமா. கல்லு மாதிரி டயரு மணல்ல புதைஞ்சிரும். மெர்சி சின்னதுல இருந்து பாத்திருக்கா."

என் வேலை முழுவதும் காங்கிரீட் தளத்தில் நடந்தது. கரையில் டிராக்டரின் காற்றை இறக்குவார்கள் என்பது எனக்கு அந்த நிமிடம்தான் தெரியும். ஓடிப்போய்ச் சொல்லவும் முடியாது. முப்பது பேர் அவளைக் கடந்துபோனார்கள். முப்பதையும் எண்ணினேன். கடைசிப் பெண்ணின் முதுகு மேட்டுக்குப் பின்னால் மறைந்த பிறகுதான் மெர்சி ஏறி உட்கார்ந்தாள்.

அதற்குப் பின் நான் பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவள் மணலோடு சண்டை போடவில்லை. அலையின்மேல் வள்ளம் போவதுபோல மேட்டின் விளிம்பிலேயே போனாள். உச்சியில் ஒரு நொடி இரண்டு சக்கரமும் தரையைவிட்டு எழும், கீழே சிவப்பு, மேலே நீலம், நடுவில் எங்கள் வீட்டுப் பிள்ளை. முதல் சுற்று முடிவில் அவளுக்கு முன்னால் இருபத்தாறு பேர். இரண்டாவது முடிவில் பதினெட்டு. மூன்றாவதில் பன்னிரண்டு. ஐயாத்துரை தன் மகள் கடந்துபோனதைக்கூடக் கவனிக்காமல், "அண்ணாச்சி, உங்க பேத்தி வாரா, உங்க பேத்தி வாரா" என்று என் தோளை உலுக்கினார். நான் கைதட்டவும் மறந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

8.04. கோட்டைத் தாண்டினாள். ஒன்பதாவது. எட்டாவதாக வந்த பெண்ணுக்கும் அவளுக்கும் நடுவே இரண்டு சைக்கிள் நீளம்.

தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் போனேன். "காத்தடிச்சது நான்தான். விடியக்காலம். எழுபது அடி."

மெர்சி குவளையைக் கீழே வைத்தாள். "தெரியும் தாத்தா. உங்கள விட்டா இங்கன யாரு அடிப்பா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் வேனில் ஏறி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முத்துக்குட்டியும் கிண்டல் செய்யவில்லை. திரும்பும்போது பைகளை நான் எண்ணவில்லை.

பகல் 11.50. ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்கள் முடிந்து தாமிரபரணிப் பாலம். பச்சையும் தண்ணீரும் பார்த்த பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"தாத்தா, எல்லாரும் என்னத் தாண்டிப் போனதுக்கப்புறம், நான் எத்தன பேரத் தாண்டுனேன்?"

"இருபத்திரண்டு."

"சரியாவா?"

"மொத சுத்துல நாலு, அடுத்ததுல எட்டு, அப்புறம் ஆறு, கடைசியில நாலு."

அவள் விரல் மடக்கிக் கூட்டிப் பார்த்தாள். பாலம் முடியும்வரை இன்னொரு முறையும் கூட்டினாள்.

மாலை 4.10. வீடு வந்து குளித்து, ஒரு தூக்கம் போட்டு எழுந்ததும் மகன் கப்பலிலிருந்து கூப்பிட்டான். அலைபேசியில் அவன் முகம் விட்டுவிட்டுத் தெரிந்தது. ஊட்டிக்கு இந்த வருடம் இல்லை என்று மெர்சி சொன்னாள். காற்றடித்த கதையை அவள் சொல்லவில்லை, நான் சொன்னேன்.

"ஆனா கடைசியில கெடந்து இருபத்திரண்டு பேரத் தாண்டிருக்கேன்ப்பா" என்றாள் மெர்சி.

"யாரு சொன்னா?"

"தாத்தா எண்ணிருக்காரு."

"அப்படின்னா சரியாத்தான் இருக்கும்" என்றான் என் மகன்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மேம்பாலத்தின் கீழே நின்று பார்த்தேன். நேற்றுவரை உயரமாகத் தெரிந்த பாலம், தேரியைக் கண்டு வந்தவனுக்கு வீட்டுப் படிபோலத் தெரிந்தது. மெர்சி பதினாறு முறை ஏறி இறங்கினாள். பம்பு இப்போது அவள் அறையில், அவள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நான் எண்ணுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.